துடிப்பு இருக்கு, ஆனாலும் கால் வலிக்குது

பைபாஸ் என்றதுமே நம் ஊரில் எல்லாரும் நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். காலுக்கும் பைபாஸ் உண்டு, கழுத்து ரத்தக்குழாயைத் திறந்து உள்ளே படிந்திருக்கும் கொழுப்பைச் சுரண்டி எடுப்பார்கள், வயிற்றுக்குள் ஓடும் மகாதமனி வீங்கினால் செயற்கைக் குழாய் வைத்துத் தைப்பார்கள் என்றெல்லாம் சொன்னால் சொந்தக்காரர்களே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஓர் அரசு மருத்துவமனையின் ரத்தநாள அறுவை சிகிச்சை வார்டில் பல வருஷங்கள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் ஹார்ட் வார்டு என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன்.

வார்டுக்கு வருகிற ஆண்களில் நிறையப் பேர் பீடி, சிகரெட்காரர்கள். அதிலும் முப்பது, நாற்பது வயதில் கால் விரல் கறுத்துப்போய் வருபவர்களைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். 1908இல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற மருத்துவர் விவரித்த நோய் அது. கை கால்களில் உள்ள சின்னச் சின்னத் தமனிகள் அழற்சி கண்டு, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். பைபாஸ் செய்வதென்றால் அடைப்புக்குக் கீழே மாற்றுக்குழாயைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு நல்ல தமனி வேண்டும். இவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே இருக்காது. புகையை அடியோடு விட்டால் நோய் அநேகமாக அத்தோடு நிற்கும். விடாவிட்டால் எந்த சர்ஜனாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. இதை ஆயிரம் முறை சொல்லியிருப்போம். சொல்லிவிட்டுத் திரும்பினால் பாத்ரூம் பக்கம் புகை வரும்.

சுகர் நோயாளிகள் வேறு மாதிரி. உணர்ச்சி குறைந்த கால் என்பதால் வலி தெரியாது. செருப்புக் கடித்த புண் ஆறவில்லை என்று வருவார்கள், பார்த்தால் பாதத்துக்கு ரத்தமே போகவில்லை. அவர்களுடைய தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும். அதனால் கணுக்காலில் பிரஷர் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். கணுக்கால் பிரஷரைக் கையின் பிரஷரால் வகுத்தால் 0.9க்குக் கீழே வருவது அடைப்புக்கு அடையாளம் என்று படித்துவிட்டு வரும் மாணவிகள், 1.4 வந்ததும் சந்தோஷமாக எழுதிவைப்பார்கள். அந்த எண்ணை நம்ப முடியாது, கால் கட்டைவிரலில் தனியாகப் பிரஷர் பார்க்க வேண்டும்.

மாணவிகள் செய்யும் இன்னொரு காரியமும் உண்டு. கால் வீங்கியிருக்கிறதே என்று தலையணை வைத்து உயர்த்துவார்கள். அடுத்த நிமிஷம் அலறல் கேட்கும். ரத்தம் வற்றிய காலுக்குக் கீழே தொங்கினால்தான் கொஞ்சமாவது ரத்தம் இறங்கும். அதனால் இந்த நோயாளிகள் ராத்திரி முழுக்கக் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். வீக்கமே அப்படித் தொங்கப்போட்டதால் வந்ததுதான். புத்தகத்தில் எழுதியிருக்கும் எல்லாவற்றையும்விட அவர்கள் உட்கார்ந்திருக்கும் கோணமே நோயைச் சொல்லிவிடும்.

ஆபரேஷனைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, தியேட்டர் என் இடமில்லை. தொடையின் உட்புறம் ஓடும் நீளமான சிரையை எடுத்து, அதன் வால்வுகள் ரத்தத்தை மறிக்காதபடி தலைகீழாகத் திருப்பி, அடைப்புக்கு மேலும் கீழும் தைப்பார்கள். 1948இல் பாரிஸில் ழான் குன்லின் முதலில் செய்தது இன்றைக்கும் அடிப்படையில் அப்படியேதான் நடக்கிறது. குழாயோடு குழாயைக் கசியாமல் தைக்கும் வித்தையை அதற்கும் முன்பே அலெக்சிஸ் காரெல் கண்டுபிடித்து, 1912இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். லியோன் நகரத்து எம்பிராய்டரிக்காரப் பெண்மணி ஒருவரிடம் ஊசி வேலை கற்றுக்கொண்டார் அவர். தியேட்டர் சிஸ்டர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

சர்ஜன் வெளியே வந்து, துடிப்பு வந்துவிட்டது என்று குடும்பத்திடம் சொல்வார். அவர்கள் கைகூப்புவார்கள். எங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கும்.

முதல் ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒருமுறையாவது பாதத்தைப் பார்க்க வேண்டும். ஆரம்ப மணி நேரங்களில் அதைவிட அடிக்கடி. நிறம், சூடு, விரல் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா, துடிப்பு. பாதத்தின் மேல் துடிப்பு கிடைக்கும் இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவோம். இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்ட்காரர் விரலை வேறெங்கோ வைத்துத் துடிப்பு இல்லை என்று ஊரைக் கூட்டுவார். இதைவிட மோசம் ஒன்று உண்டு. தன் விரல் நுனியில் துடிக்கும் தன் நாடியையே நோயாளியின் துடிப்பு என்று எண்ணிக்கொள்வது. சந்தேகம் வந்தால் இன்னொரு கையால் நம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் துடித்தால் அது பெரும்பாலும் நம்முடையதுதான். பிறகு ரத்த ஓட்டத்தைச் சத்தமாக்கும் டாப்ளர் பேனாவை ஜெல் தடவி வைத்தால் சத்தம் கேட்கும். நல்ல தமனி என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் ரெண்டு மூணு துண்டாக, சுறுசுறுப்பாகக் கேட்கும். அடைக்க ஆரம்பித்தால் காற்று வீசுவதுபோல ஒரே இழுவையாகிவிடும். அந்த மாற்றத்தைக் காது பிடித்துவிட்டால் டாக்டரைக் கூப்பிட வேறு காரணமே வேண்டாம். முதல் மாதத்துக்குள் குழாய் அடைத்தால் பெரும்பாலும் தையலிலோ சிரையிலோ ஏதோ கோளாறு என்று அர்த்தம். உடனே திரும்ப தியேட்டருக்குக் கொண்டுபோனால் காப்பாற்ற வழி உண்டு.

ரத்தக்கசிவு பயம் எப்போதும் இருக்கும். ஆபரேஷனின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போடுவார்கள், முடிந்ததும் அதை முறிக்க ப்ரோட்டமின். இது மீன் விந்திலிருந்து வந்த மருந்து. அதனால்தான் அட்மிஷன் அன்றே மீன் அலர்ஜி உண்டா என்று கேட்போம். சாப்பாட்டு விஷயம் எதற்குக் கேட்கிறார்கள் என்று நோயாளிகள் குழம்புவார்கள். ஒரு பெரியவர், "வஞ்சிரம்னா உயிரு பாப்பா, கொண்டு வரச் சொல்லட்டா?" என்றார்.

என் அனுபவத்தில், வார்டில் ஒரு சிக்கல் வரப்போகிறது என்பதை மெஷினுக்கு முன்னால் நோயாளியின் வாய்தான் பல நேரம் சொல்லியிருக்கிறது. கழுத்துத் தமனி ஆபரேஷன் முடிந்தவர் "தண்ணி இறங்கல, கழுத்து இறுக்குது" என்றால், உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிறது என்று எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதே ஆள் ரெண்டு மூணு நாள் கழித்து ஆபரேஷன் ஆன பக்கமே மண்டை பிளக்கிறது என்றால் பிரஷரைப் பார்க்க வேண்டும். அதுவரை பஞ்சத்தில் இருந்த மூளைக்குத் திடீரென்று வெள்ளம் போலப் போகும் ரத்தத்தைத் தாங்க முடியாமல் வலிப்பு வரலாம், கசிவும் ஏற்படலாம். வயிற்று மகாதமனி ஆபரேஷனுக்கு அடுத்த ஓரிரு நாளிலேயே ஒருவர் வெளிக்குப் போக வேண்டும் என்று பெட்பேன் கேட்டால் குடல் வேலை செய்கிறது என்று மகிழக் கூடாது. மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கு ரத்தம் தட்டுப்பட்டிருந்தால் அது காட்டும் முதல் அடையாளம் இதுவாக இருக்கலாம்.

ஓர் இரவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நாற்பதுகளில் இருந்த ஒரு பெண். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, துடிப்பு தாறுமாறாக இருந்தது. அப்படிப்பட்ட இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போய்க் காலை அடைத்துவிட்டது. காலையில் மரத்துப்போன காலோடு ஒரு கிளினிக், அப்புறம் இன்னொரு ஆஸ்பத்திரி, அங்கே ஊசி என்று சுற்றிவிட்டு எங்களிடம் வரும்போது சாயங்காலம். ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் தசை சாக ஆரம்பிக்கும் என்பது எங்கள் வார்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த நேரம் தாண்டியிருந்தது.

தொடை இடுக்கில் சின்னதாகத் திறந்து, பலூன் வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, கட்டியைத் தாண்டியதும் பலூனை ஊதி இழுத்து எடுத்தார்கள். தாமஸ் ஃபோகார்ட்டி 1963இல் வெளியிட்ட முறை. படிக்கும் காலத்தில் தியேட்டரில் உதவியாளராக வேலை பார்த்தவர் அவர். கையுறையின் விரல் நுனியை வெட்டி, மீன்பிடி தூண்டிலில் போடும் முடிச்சால் குழாயில் கட்டித்தான் முதல் பலூனைச் செய்தாராம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வார்டுக்கு வரும்போது கால் சூடாக இருந்தது. துடிப்பு அருமை. புருஷன் என் காலில் விழாத குறை.

நள்ளிரவு தாண்டி அந்த அம்மா முனக ஆரம்பித்தார். தையல் இடுக்கில், வலியோ கெண்டைக்காலில். வலி ஊசி போட்டும் அடங்கவில்லை. டியூட்டி டாக்டர் இளம்பிள்ளை, அன்று தூக்கமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர். துடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பல்ஸ் நல்லா இருக்கு சிஸ்டர், ஆபரேஷன் வலிதான்" என்றார். நான் கெண்டைக்காலை அழுத்திக் காட்டினேன், கட்டை மாதிரி இருந்தது. கட்டைவிரலை மெதுவாகக் கீழ்ப்பக்கம் மடக்கினேன், அந்த அம்மா கத்திய கத்தில் வார்டே விழித்துக்கொண்டது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே தொட்டால் தெரியவில்லை என்றும் சொன்னார். பட்டினி கிடந்த தசைக்கு ரத்தம் திரும்பியதும் அது வீங்கும். முழங்காலுக்குக் கீழே தசைகள் இறுக்கமான நான்கு அறைகளுக்குள் அடைபட்டிருப்பதால் வீங்க இடம் கிடையாது. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பும் தசையும் நசுங்கிப் போகும். பெரிய தமனியின் துடிப்பு மட்டும் பெரும்பாலும் கடைசிவரை நன்றாகவே இருக்கும். ஏமாற்றுவதே அதுதான்.

அந்தப் பையன் நல்லவர், முறைத்துக்கொள்ளவில்லை. அங்கேயே சீனியருக்கு போன் போட்டார். விடிவதற்குள் காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி நான்கு அறைகளையும் திறந்துவிட்டார்கள். தசை வெளியே பிதுங்கி வந்தது. யூரின் பை கறுப்புக் காபி நிறத்துக்கு மாறியிருந்தது. செத்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் அது, சிறுநீரகத்தை அடைத்துவிடும். கூடவே பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுபோகலாம். ட்ரிப்ஸ், மணிக்கணக்கு யூரின் அளவு, அடிக்கடி ஈசிஜி என்று மூன்று நாள் ஓடியது. அப்புறம் திறந்த புண்ணுக்குத் தினசரி டிரெஸ்ஸிங், தொடைத்தோல் எடுத்து ஒட்டல். கால் தப்பியது, ஆனால் பாதத்தை மேலே தூக்கும் பலம் முழுதாகத் திரும்பவில்லை. இழுத்து இழுத்துத்தான் நடந்தார். கேஸ் ஷீட்டில் இதை ஆபரேஷன் வெற்றி என்று எழுதுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. பூ கட்டி விற்கிறவர், உட்கார்ந்த வேலை, பிழைப்பு ஓடியது.

செயற்கைக் குழாய் வைத்தவர்களை நினைத்தால் இன்னொரு கவலை. டேக்ரான் குழாயில் கிருமி பிடித்தால் மருந்தால் மட்டும் சுத்தமாவது கடினம், பெரும்பாலும் குழாயையே எடுக்க வேண்டிவரும். மாதங்கள், ஏன், வருஷங்கள் கழித்தும் வரும். தொடை இடுக்கில் ஒரு சின்னக் கட்டி, லேசாக நீர் கசிவு. வீட்டுப் பக்கத்தில் யாரோ களிம்பு கொடுத்திருப்பார்கள். ஒருநாள் கொஞ்சம் ரத்தம் வந்து தானே நின்றுவிடும். அந்தக் கொஞ்ச ரத்தம்தான் எச்சரிக்கை. அடுத்த முறை நிற்காது. டிஸ்சார்ஜ் அன்றைக்கு நான் மருந்துச் சீட்டைவிட இதைத்தான் அழுத்திச் சொல்வேன். இடுக்கில் எது வந்தாலும், பரு மாதிரி இருந்தாலும், நேராக இங்கே வாங்க அப்பா, வெளியே யாரிடமும் கீறிவிட வேண்டாம்.

இப்போது நிறையச் சிகிச்சைகள் ஊசித்துளை வழியாகவே முடிந்துவிடுகின்றன. பலூன், ஸ்டென்ட், மறுநாள் வீடு. வெட்டு இல்லை என்பதால் சிக்கலும் இல்லை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள், சில நிர்வாகிகளும் நினைக்கிறார்கள். தொடை இடுக்குக்கு மேலே தவறிக் குத்துப்பட்ட துளையிலிருந்து ரத்தம் வயிற்றின் பின்பக்கம் லிட்டர் கணக்கில் இறங்கும், வெளியே டிரெஸ்ஸிங் வெள்ளையாகவே இருக்கும். நோயாளி சொல்வதெல்லாம் "முதுகு வலிக்குது சிஸ்டர், படுத்துப் படுத்து" என்பதுதான். அதைக் கேட்க ஓர் ஆள் கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். மணிக்கொரு முறை பார்க்கச் சொல்லி ஆர்டர் எழுதுவது சுலபம். ராத்திரியில் முழு வார்டுக்கு ஒரே நர்ஸ் என்றால் அந்த ஆர்டரில் பாதி காகிதத்தில்தான் நடக்கும். நான் பார்த்த எந்த ஆடிட்டிலும் இதைக் கேட்டதில்லை. கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ஷிஃப்ட் மாறும்போது மேஜையில் உட்கார்ந்து வாயால் ஒப்படைக்கும் பழக்கத்தை நான் ஒத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு ஆபரேஷன் ஆனவர்களின் கட்டிலுக்கு ரெண்டு பேரும் போக வேண்டும். பேனா குறியில் அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருகிறவளும் விரல் வைக்க வேண்டும், டாப்ளர் சத்தத்தை அவளும் கேட்க வேண்டும், இப்போ எப்படி இருக்கு என்று நோயாளியிடம் அவளே கேட்க வேண்டும். இதனால் ஷிஃப்ட் முடிய எப்போதும் தாமதமாகும். பஸ்ஸை விட்டுவிட்டு என்னைத் திட்டாத ஜூனியர் யாரும் அந்த வார்டில் கிடையாது.