முதல்ல தூக்கம், அப்புறம் தான் பேச்சு

நான் வேலை பாக்குறது வடசென்னைல, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம். ஒரு வீட்ல தீ விபத்து, வெட்டு குத்து, திடீர் சாவு, இல்லன்னா வயசுப்பொண்ணு எதையோ குடிச்சிட்டு ஆஸ்பத்திரில இருந்து இப்ப தான் திரும்பி வந்திருக்குன்னு தகவல் வந்தா, அந்த வீட்டுக்கு போய் உட்காரணும், பேசணும், அடுத்து அவங்களுக்கு என்ன தேவைன்னு பாக்கணும். இதுக்கு புதுசா வர்ற பசங்க நிறைய பேர், மனசுல இருக்கறத எல்லாம் கொட்ட வச்சிட்டா பாரம் இறங்கிடும்னு நினைச்சிட்டு வர்றாங்க. அவங்ககிட்ட நான் அடிச்சு சொல்றது ஒண்ணு தான். முதல் வாரத்துல யாரையும் கதை சொல்ல வைக்காதீங்க, தூங்குறாங்களா சாப்புடுறாங்களா அத பாருங்க.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, குடிசை எரிஞ்ச இடத்துல என்ன நடக்குதுன்னு நேர்ல பாக்குறவ நான். குடும்பங்கள கொண்டு போய் சமுதாயக் கூடத்துலயோ கார்ப்பரேஷன் ஸ்கூல்லயோ தங்க வைப்பாங்க. சாப்பாடு வரும், பாய் வரும், கூடவே ஆளுங்களும் வருவாங்க. சொந்தக்காரங்க, கட்சிக்காரங்க, கேமராவோட வர்றவங்கன்னு எல்லாரும் அதே சின்ன புள்ளைய புடிச்சு வச்சு, சிலிண்டர் வெடிச்சப்ப நீ எங்க இருந்த, யாரு உன்ன தூக்கினு வந்தாங்கன்னு கேட்பாங்க, அதுவும் ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்லும். அக்கறையா தான் கேக்குறாங்க, தப்பு சொல்லல, ஆனா ராத்திரி அந்த புள்ள அலறி எந்திரிக்கும்போது இவங்க யாரும் அங்க இருக்க மாட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 2011ல உளவியல் முதலுதவிக்குன்னு ஒரு கையேடு போட்டாங்க, அதுல மூணே வேலை தான், பார், கேள், இணை. நடந்தத விவரமா சொல்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அதுலயே தெளிவா இருக்கு. கேக்குறதுன்னா அவங்களா பேசும்போது கேக்குறது. இணைக்கிறதுன்னா எங்க ஊர்ல பாதி நேரம் எரிஞ்சு போன ரேஷன் கார்டு, ஆதார், புள்ளைங்க யூனிஃபார்ம், புக்கு, இதுக்கெல்லாம் தாலுகா ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் கூட அலையுறது தான். இது மனநல வேலை இல்லன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன், நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாத அம்மாவுக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லி குடுத்து என்ன ஆகப் போகுது.

அப்படி ஒரு வீட்ல நடந்தத சொல்றேன், ஆள் அடையாளம் தெரியாத மாதிரி மாத்தி தான் சொல்றேன். பையனுக்கு ஒம்போது வயசு, மூணாவதோ நாலாவதோ. தீ விபத்துக்கு அப்புறம் ராத்திரில படுக்கையிலயே ஒண்ணுக்கு போக ஆரம்பிச்சிட்டான். ஒரே ரூம், அஞ்சு பேர் வரிசையா படுக்கணும், அவன் நனைச்சா பக்கத்துல இருக்கறவங்களும் நனையணும். அம்மா விடியக்காலையில பாரிமுனை பக்கம் ஒரு ஆபீஸுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு ஓடணும், அதுக்குள்ள தண்ணி புடிச்சு போர்வைய அலசி தெருவுல கொடில போடணும். தெருவுல போட்டா ஊருக்கே தெரியும், பசங்க கிண்டல் பண்ணுவாங்க, இவன் அடிச்சிட்டு வருவான், அதுக்கு தனியா அடி. பாட்டி தர்காவுக்கு கூட்டினு போய் ஓதி, கைல கருப்பு கயிறும் கட்டி வச்சிருந்தாங்க. நான் போனப்ப அந்தம்மா கைல கரண்டி இருந்துச்சு. "இன்னாக்கா பண்ண சொல்ற, இருக்கறதே ரெண்டு போர்வ, தெனமும் இவன் நனைச்சா நான் துவைச்சினு இருக்கவா, வேலைக்கு போவவா"ன்னு கேட்டாங்க. அந்த கேள்வியில நியாயம் இருக்கு. அந்த இடத்துல உட்கார்ந்து குழந்தைய அடிக்காதீங்கன்னு மட்டும் சொல்லிட்டு வர்றது ரொம்ப சுலபம், ஆனா அதனால ஒரு போர்வையும் காயாது.

2013ல வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல்ல இதுக்குன்னே சொல்லி இருக்காங்க, பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் புள்ளைங்க படுக்கைய நனைச்சா தண்டிக்காதீங்க, அது நிலைமைய மோசமாக்கும், பெத்தவங்களுக்கு எடுத்து சொல்லுங்க, அவங்க மன அழுத்தத்தையும் சேர்த்து பாருங்கன்னு. நான் அந்தம்மாவ தனியா பைப்படில வச்சு பேசினேன், இவன் வேணும்னு பண்ணல, ஒடம்பு இன்னும் பயத்துலயே இருக்குன்னு. மெடிக்கல்ல இருந்து கைக்குழந்தைக்கு போடுற ரப்பர் ஷீட் ஒண்ணு வாங்கி பாய்க்கு மேல விரிச்சோம், ஈரத்துணிய பின்பக்கமா காய போட ஏற்பாடு பண்ணோம். அப்புறம் தான் பையன்கிட்ட பேச்சுவாக்குல ஒண்ணு தெரிஞ்சது. பொது கக்கூஸுக்கு போற வழி எரிஞ்ச குடிசைங்கள தாண்டி தான் போகுது, லைட்டும் இல்ல, அதனால ராத்திரி அடக்கி வச்சினே படுத்துடுறான். பாட்டிகிட்ட சொன்னோம், தினமும் படுக்க போறதுக்கு முன்னாடி டார்ச் எடுத்துக்கிட்டு அவங்க கூட்டினு போக ஆரம்பிச்சாங்க. நடுராத்திரிக்கு ரூம் மூலையில ஒரு பக்கெட். கருப்பு கயிற கழட்ட சொல்லல, அது பாட்டியோட பாசம், அது பாட்டுக்கு இருக்கட்டும். முழுசா நிக்க நாளாச்சு, ஆனா அடி அடுத்த வாரமே நின்னுச்சு.

பெரிய பசங்க விஷயம் இன்னும் கஷ்டம். கண்ணு முன்னாடி கூட்டாளிய வெட்டினத பாத்த ஒரு பதினேழு வயசு பையன் இருந்தான். அவன் அழ மாட்டான், பேச மாட்டான். பின்னாடி பைக் சத்தம் கேட்டா உடம்பு விறைச்சு நின்னுடும். சம்பவம் நடந்த தெரு வழியா போக முடியாம கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வரைக்கும் சுத்திக்கிட்டு ஐடிஐக்கு போவான், லேட்டாகும், வாத்தியார் திட்டுவார், கிளாஸ்ல தூங்கி விழுவான், எதிர்த்து பேசுவான். அங்க திமிருன்னாங்க, வீட்ல கஞ்சான்னாங்க. உண்மையில அவன் வலி மாத்திரை போட்டுட்டு இருந்தான், ஏன்டான்னு கேட்டா "தூக்கம் வரணும்ல க்கா" அவ்ளோ தான் பதில். போதைய மட்டும் பாத்து போலீஸ், டீ-அடிக்ஷன்னு ஓடுறதுக்கு முன்னாடி, இவன் எதுல இருந்து தப்பிக்க இத போடுறான்னு ஒருத்தராவது கேட்கணும். வீட்ல பாவப்பட்டு கடையில தூக்க மாத்திரை வாங்கி தர்றவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு வேணாம், முதல் மாசத்துல அந்த மாதிரி மாத்திரைய தூக்கத்துக்கு குடுக்க வேணாம்னு அதே 2013 வழிகாட்டுதல்லயும் இருக்கு.

நடந்த முதல் சில வாரம் தூக்கம் கெடுறது, திடுக்கிடுறது, அந்த இடத்த ஒதுக்குறது எல்லாம் நிறைய பேருக்கு வர்றது தான், பலருக்கு தானாவே அடங்கிடும். ஒரு மாசம் தாண்டியும் விடாம இருந்து, படிப்பும் வேலையும் கெடுதுன்னா பிடிஎஸ்டியான்னு, அதாவது அதிர்ச்சிக்கு அப்புறம் விடாம தொடர்ற மனநோயான்னு டாக்டர் பாக்கணும். அப்ப தான் நடந்தத கொஞ்சம் கொஞ்சமா பேச வைக்கிற சிகிச்சை எல்லாம், அதுவும் அதுக்கு டிரெய்னிங் எடுத்தவங்க கையில. இந்த பையன ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி சைக்கியாட்ரி ஓபிக்கு கூட்டினு போனேன். டாக்டர் ஒரு பக்கம் பாத்துக்கிட்டாங்க, இன்னொரு பக்கம் எங்க வாலண்டியர் ஒருத்தர் அவன கூப்புட்டு ஏரியா கேரம் கிளப்புல உட்கார வச்சார், வியாசர்பாடில கேரமுக்கும் ஃபுட்பாலுக்கும் பசங்க உயிர விடுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு நேரத்துக்கு போகணும், நாலு பேர் எதிர்பார்ப்பாங்கன்னு ஆனதும் தான் அவன் ராத்திரி நேரத்தோட படுக்க ஆரம்பிச்சான்.

ஆஸ்பத்திரின்னு சொன்னதும் வர்ற பயம் தனி. கீழ்ப்பாக்கம் மனநல காப்பகத்துக்கு 1794 வரைக்கும் போற சரித்திரம் இருக்கு, ஆனா எங்க பக்கம் அந்த ஊர் பேரையே திட்டா தான் சொல்லி வளர்ந்திருக்கோம், அதனால மனநல டாக்டர்னாலே பைத்தியம்னு எழுதிடுவாங்கன்னு அம்மாங்க ஒளிச்சு வைப்பாங்க. உயிர விட முயற்சி பண்ணி பிழைச்ச புள்ளைங்க வீட்ல இன்னொரு பயம், கேஸ் ஆகிடும்னு. தெரியாம குடிச்சிட்டான்னு சாதிப்பாங்க, டாக்டருக்கும் உண்மை போகாது, அடுத்து பாத்துக்க வேண்டியவங்களுக்கும் போகாது. 2017 மனநல பாதுகாப்பு சட்டம் 115வது பிரிவுல, அப்படி முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததா தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு இருக்கு, அவங்களுக்கு சிகிச்சையும் மறுவாழ்வும் தர்றது அரசோட கடமைன்னும் இருக்கு. நான் இத வீட்டு வாசல்ல உட்கார்ந்து வார்த்தை வார்த்தையா படிச்சு காட்டுவேன். கேட்டதும் அப்பாங்க முகத்துல ஒரு தெம்பு வரும், நீங்க பாக்கணும்.

அம்மாங்கள பத்தி தனியாவே எழுதணும். புள்ள தூங்கலன்னா அம்மாவும் தூங்கல, புருஷன் குடிச்சிட்டு வர்ற வீட்ல சம்பவத்துக்கு முன்னாடியும் அவங்க தூங்கினதில்ல. அதனால தான் புள்ளைய மட்டும் தனியா கூப்பிட்டு கவுன்சிலிங்னு குடுக்குறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, திரும்ப போய் படுக்கப் போறது அதே ரூம்ல தான.

ராத்திரில தாங்க முடியலன்னா 14416க்கு போன் பண்ண சொல்றோம், 2022 அக்டோபர்ல அரசு ஆரம்பிச்ச மனநல உதவி லைன் டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். சின்ன புள்ளைங்களுக்கு ஆபத்துன்னா 1098, குழந்தைங்களுக்கான உதவி எண். ஆனா அஞ்சு பேர் படுத்திருக்கற ரூம்ல இருந்து எப்படி மனசு விட்டு பேசுறது, ஒரு பொண்ணு இத கேட்டதும் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. இப்ப சாயங்காலம் அங்கன்வாடி மூடினதும் அந்த சாவிய ஆயாம்மாகிட்ட கேட்டு வாங்கி திறந்து வைக்கிறோம், டீச்சருக்கும் சொல்லியாச்சு. யார் வேணாலும் வந்து கதவ சாத்திக்கிட்டு போன் பேசலாம், வெளிய எங்க ஆள் ஒருத்தர் இருப்பார். ஏழு மணிக்கு மேல திறந்து வைக்க இன்னும் பர்மிஷன் கிடைக்கல, கேட்டுட்டே இருக்கோம்.