999இல் பேச முடியாதபோது: 55 எப்போது, எப்படி

அவசர உதவி எண்ணான 999க்கு அடித்துவிட்டுச் சத்தம் போடாமல் இருந்தாலே பொலிஸ் வந்துவிடும் என்று பிரித்தானியாவில் வாழும் நம்மவர்கள் பலர் நம்புகிறார்கள். கைத்தொலைபேசியில் அப்படி நடக்காது. பொக்கெட்டுக்குள் தானாக அழுத்துப்பட்டுப் போகும் அழைப்புகள் ஏராளம். அதனால் வெறும் மௌனத்தை ஆபத்து என்று அழைப்பை எடுப்பவர்கள் கருதுவதில்லை. உங்களிடமிருந்து ஏதாவது ஒரு அடையாளம் போகவேண்டும்.

முதலில் எடுப்பவர் பொலிஸ் அல்ல, பிரிட்டிஷ் டெலிகொம் ஒபரேட்டர். எந்தச் சேவை வேண்டும் என்று கேட்பார். ‘பொலிஸ்’ என்று மெல்லக் கிசுகிசுக்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் இருமச் சொல்லுவார், அல்லது போனைத் தட்டச் சொல்லுவார். அதற்கும் பதில் போகாவிட்டால் பதிவுசெய்த குரல் ஒன்று கேட்கும். சுமார் 20 விநாடி ஓடும் அந்தக் குரல்தான் 55ஐ அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பொலிஸுக்கு மாற்றுவார்கள். அழுத்தாவிட்டால் அழைப்பு துண்டிக்கப்படும்.

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். போன் காதோடு இருக்கும்போது திரை அணைந்துவிடும். காதிலிருந்து எடுத்து, கீபேட் அடையாளத்தைத் தொட்டால்தான் எண்கள் வரும். பதற்றத்தில் அதைத் தேடவே 20 விநாடி போய்விடலாம். யாராவது சிநேகிதியோடு பேசும்போது கீபேட்டைத் திறந்து பழகிக்கொள்ளுங்கள். பழகுவதற்காக 999க்கு அடிக்க வேண்டாம். ஸ்பீக்கரைப் போடாதீர்கள், சத்தத்தையும் முன்கூட்டியே குறைத்துவையுங்கள்.

55ஐ அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் பொலிஸுக்குத் தெரிந்துவிடும் என்பது பிழை. அந்த எண் உங்களைப் பொலிஸோடு இணைக்கும், அவ்வளவுதான். அனேக ஸ்மார்ட்போன்கள் 999 அழைப்பின்போது இருப்பிடத்தைத் தாமாக அனுப்பும் என்றாலும், மாடிக் கட்டடத்தில் எந்தக் கதவு என்பதை அது சொல்லாது. பொலிஸ் ஆம், இல்லை என்று பதில் தரக்கூடிய கேள்விகளாகக் கேட்பார்கள். அவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்டு, அதன்படி பதில் கொடுங்கள். ஒரு கணம் வாய் திறக்க முடிந்தால் வீட்டு இலக்கத்தையும் போஸ்ட்கோடையும் முதலில் சொல்லுங்கள்.

வீட்டு லைனில் 55 முறை கிடையாது. பின்னணிச் சத்தம் மட்டும் கேட்டு, ஒபரேட்டரால் முடிவெடுக்க முடியாவிட்டால் அவரே பொலிஸுக்கு இணைப்பார். ரிசீவரை வைத்துவிட்டாலும் லைன் 45 விநாடி வரை திறந்திருக்கலாம். முகவரியும் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியும். வீட்டு லைன் இருக்கிறதென்றால் அதைத் துண்டிக்காமல் வைத்திருப்பது நல்லது என்பதே எங்கள் எண்ணம்.

அவசரத்துக்கென்று பழைய போனை ஒளித்துவைப்பவர்கள் கவனியுங்கள்: பிரித்தானியாவில் சிம் இல்லாத போனிலிருந்து 999 எடுக்க முடியாது.

குறுஞ்செய்தி வழியும் உண்டு, ஆனால் முன்பதிவு வேண்டும். ஆங்கிலத்தில் ‘ரெஜிஸ்டர்’ என்று எழுதி 999க்கு அனுப்பினால் பதில் வரும். அதற்கு ‘யெஸ்’ என்று அனுப்பி, உறுதிப்படுத்தும் செய்தி வரும்வரை காத்திருங்கள். இதை இன்றைக்கே செய்துவையுங்கள், ஆபத்து நேரத்தில் இதற்கு அவகாசம் இராது. பிறகு ஆபத்து வரும்போது எந்தச் சேவை, என்ன நடக்கிறது, எங்கே என்ற மூன்றையும் ஒரே செய்தியில் எழுதுங்கள். போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டு அனுப்புங்கள். பதில் வந்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். 3 நிமிடத்துக்குள் வராவிட்டால் மறுபடியும் அனுப்புங்கள்.