இதில் செய்தி எங்கே?

"இதில் செய்தி எங்கே இருக்கிறது அம்மா?" என்றுதான் கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. 2023 அக்டோபர் 4 இரவு, செய்தித்தாள் பக்கம் முடிக்க அரை மணி நேரம்தான் இருந்தது. அமெரிக்க சபாநாயகர் மெக்கார்த்தியின் பதவி பறிப்பும் வேதியியல் நோபலும் முக்கால் பக்கத்தை விழுங்கியிருந்தன.

பயிற்சிக்கு வந்திருந்த பெண் மொழிபெயர்த்து நீட்டியது ஒரு பேரணிச் செய்தி. 'விமன் வேஜ் பீஸ்' என்ற இஸ்ரேலியப் பெண்கள் அமைப்பும், 'விமன் ஆஃப் தி சன்' என்ற பாலஸ்தீனப் பெண்கள் அமைப்பும் ஜெருசலேமிலும் சாக்கடல் கரையிலும் கூடி, தலைவர்கள் மறுபடி பேச உட்கார வேண்டும் என்று கேட்டிருந்தன.

"இரண்டு பக்கத்துத் தாய்மார்களும் சேர்ந்து வந்திருக்கிறார்களே சார்."

"வந்தார்கள், போனார்கள். அப்புறம்?"

அவள் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்றாம் நாள் அக்டோபர் 7, ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கிய நாள்.

நவம்பர் 13 அன்று விவியன் சில்வரின் மரணம் உறுதியானது. காசா எல்லையை ஒட்டிய பேரி கிபுட்ஸ் என்ற கூட்டுவாழ்வுக் கிராமத்தில் வாழ்ந்தவர், வயது 74. அந்த இஸ்ரேலிய அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தப் பேரணிக்காக உழைத்தவர். காசாவிலிருந்து வரும் நோயாளிகளை இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குத் தன் காரில் கொண்டுபோய் விட்டவர். பிணைக்கைதியாகவாவது இருப்பார் என்று ஐந்து வாரம் நம்பியிருந்தார்கள். படத்துடன் மூன்று காலம் அகலத்துக்கு இடம் கொடுத்தேன். பக்கத்திலேயே, காசாவில் இறந்தவர்கள் 11,000-ஐத் தாண்டிய செய்தி. அதில் ஒரு பெயர்கூட இல்லை. அவள் ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள், எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அந்தப் பேரணியை நான் போட்டிருந்தால் யார் உயிர் பிழைத்திருப்பார்கள்? ஒருவரும் இல்லை. சமாதானம் கேட்பவர்கள் அங்கே சிறு கூட்டம். அதை ஊதிப் பெரிதாக்கினால் அதுவும் பொய்தான். இதெல்லாம் சரியான வாதங்கள், இரவு இரண்டு மணிக்கும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் எங்கள் வாசகருக்கு விவியன் சில்வர் இறந்த பிறகுதான் அறிமுகமானார். "அவர்கள் அப்படித்தான், அது தீராது" என்று டீக்கடையில் சொல்கிறவர் நான் கட்டிய பக்கத்தைப் படித்துத்தான் அப்படிச் சொல்கிறார்.

திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். 2025 ஏப்ரல் இறுதியில் இன்னொன்று வந்தது. இரு தரப்பிலும் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் ஆண்டுதோறும் சேர்ந்து நடத்தும் நினைவேந்தல். ரானானா நகரின் யூத ஜெப ஆலயத்தில் அதைத் திரையிட்டபோது வலதுசாரிக் கும்பல் தாக்கியிருந்தது. இப்போது துணை ஆசிரியராகிவிட்ட அவள், நினைவேந்தலில் தொடங்கித் தாக்குதலை மூன்றாம் பத்தியில் வைத்திருந்தாள். நான் அதை முதல் பத்திக்கு ஏற்றினேன். தலைப்பும் அதுவே.

"கல்லெறி இல்லாவிட்டால் இதற்கு இடமே கிடைத்திருக்காது அம்மா" என்றேன்.

"தெரியும் சார்" என்றாள்.