சுமை தோளுக்கு இல்லை, இடுப்புக்கு

சிங்கப்பூர் சாங்கி படகுத்துறையில் இன்று காலை நம் பிள்ளைகள் நான்கு பேர், புலாவ் உபின் தீவுக்கு. ஒருவர் முதுகில் பெரிய பை. அதன் இடுப்புப் பட்டை இரண்டு பக்கமும் அவிழ்ந்து தொங்கியது.

மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

சுமையைத் தாங்குவதே அந்தப் பட்டைதான். முதலில் தோள் வார்களைத் தளர்த்துங்கள். பட்டையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரவைத்து இறுக்குங்கள். அப்புறம்தான் தோள் வார், கடைசியில் நெஞ்சு வார். பட்டை வயிற்றுக்கு ஏறினால் மூச்சு முட்டும். கட்டாமலே நடந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

மழையுறையை மட்டும் நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள் தடித்த குப்பைப் பையை விரித்து, துணிகளை அதில் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

கையில் பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். உபின் குரங்குகளுக்கு அது சாப்பாடு என்று தெரியும். தேக்கா சந்தையில் வாங்கிய முறுக்கும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

நண்பர்களோடு போவதில் பெரிய வசதியே பகிர்ந்து சுமப்பதுதான். அடுப்பு ஒருவர், கூடாரத் துணி ஒருவர், கம்பிகள் ஒருவர், மருந்து ஒருவர். தண்ணீர் மட்டும் அவரவருக்கு.

உபினில் பழகிய பிறகு மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போங்கள். அதற்குப் படகு ஏறும் மெர்சிங் ஆற்றுமுகத்தில் ஆழம் குறைவு. கடல் ஏற்றம் பார்த்துத்தான் படகு புறப்படும், நேரம் நாளுக்கு நாள் மாறும். கிளம்புமுன் கேட்டுவிடுங்கள். வார இறுதியென்றால் மலேசியாவுக்குக் கடக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்து நெரிசலுக்கும் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை தியோமான் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், பல விடுதிகள் மூடியிருக்கும்.