கேட் தேர்வுக்குக் கெர்பல் விளையாட்டில் படித்த சுற்றுப்பாதை இயக்கவியல்

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வின் ஏரோஸ்பேஸ் தாளை நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்கல விளையாட்டு என் மடிக்கணினியில் இருந்தது. முதல் முறை அது என் இரவுகளை விழுங்கியது. காற்றியக்கவியலும் கட்டமைப்பும் அரைகுறையாகக் கிடக்க, தகுதி மதிப்பெண்ணைக்கூட நான் எட்டவில்லை. இரண்டாம் முறை அதே விளையாட்டுதான் மையவிசை இயக்கம், கெப்ளர் விதிகள், விடுபடு வேகம் ஆகிய பகுதிகளைப் பிழையின்றி எழுதக் கைகொடுத்தது. இடையில் மாறியது ஒரு பழக்கம் மட்டுமே. ஏவுவதற்கு முன் கணக்கைக் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் எழுதிவைப்பேன். பறந்து முடித்ததும் நடந்ததை வலப்பக்கத்தில் எழுதுவேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்க்வாட் நிறுவனம் 2011இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. 2015 ஏப்ரலில் 1.0 பதிப்பு வந்தது. கெர்பின் என்னும் கோளில் வாழும் பச்சை நிறச் சிறு உயிரிகளுக்காக இயந்திரம், தொட்டி, பாராசூட் ஆகியவற்றை அடுக்கி நாமே ராக்கெட் கட்டிப் பறக்கவிட வேண்டும். கெர்பினின் ஆரம் 600 கி.மீ. மட்டுமே, ஆனால் அதன் மேற்பரப்பு ஈர்ப்பு முடுக்கம் பூமிக்கு உள்ள அதே 9.81 மீ/வி². வளிமண்டலம் 70 கி.மீ. உயரத்தில் முடிந்துவிடும். இந்த எண்களை முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால், பாடநூலில் உள்ள ஏறத்தாழ எல்லாச் சூத்திரங்களையும் சோதித்துப் பார்க்க ஒரு சிறு உலகம் கிடைத்துவிடுகிறது.

நான் கட்டிய முதல் ராக்கெட்டு, ஏவுதளத்தை விட்டு எழுந்த பத்து நொடிகளில் தலைகீழாகப் புரண்டது. அழகுக்காகத் துடுப்புகளை மூக்கின் அருகில் பொருத்தியிருந்தேன். காற்றின் விசை ஒருங்கே செயல்படும் அழுத்த மையம் நிறை மையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று நிலைத்தன்மைப் பாடத்தில் எத்தனையோ முறை படித்திருந்தும், துடுப்புகளைக் கழற்றி வாலில் மாட்டிய அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

என் உண்மையான பாடம் ஒரு மீட்புப் பயணத்தில் தொடங்கியது. கெர்பினின் நிலவான மன்னில் இறங்கித் திரும்புவதற்காக, டெரியர் இயந்திரமும் எஃப்எல்-டி400 தொட்டி ஒன்றும் கொண்ட மேல்நிலைக் கலம் ஒன்றைக் கட்டினேன். நிரம்பிய நிலையில் 4 டன். எரிபொருள் தீர்ந்தால் 2 டன். இறங்கினேன், கொடியும் நட்டேன், மீண்டும் எழும்பி மன்னைச் சுற்றும் பாதையையும் அடைந்தேன். அங்கே தொட்டி காலியாயிற்று. ஜெபடையா என்ற விண்வெளி வீரர் வீடு திரும்ப வழியின்றி நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

எங்கே தவறியது என்பதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின்படி, கலத்தால் இயலும் திசைவேக மாற்றம் என்பது வெளியேற்ற வேகத்தை, தொடக்க நிறைக்கும் இறுதி நிறைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால் வருவது. டெரியரின் ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் (எரிபொருளை எவ்வளவு திறமாகப் பயன்படுத்துகிறது என்பதன் அளவு) வெற்றிடத்தில் 345 நொடி. அதை 9.81ஆல் பெருக்கினால் வெளியேற்ற வேகம்; அதை 2இன் இயல் மடக்கையான 0.693ஆல் மீண்டும் பெருக்கினால் சுமார் 2,345 மீ/வி. தேவையோ, கெர்பினிலிருந்து மன்னை எட்ட 860, அங்கே சுற்றுப்பாதையில் அமர 310, இறங்க 580, எழும்ப 580, திரும்ப 310, ஆக மொத்தம் 2,640. ஏறத்தாழ 300 குறைந்தது. ஏவுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

அதே தாளில் இன்னும் இரண்டு வரிகள் எழுதிப் பார்த்தேன். இன்னொரு தொட்டியைச் சேர்த்தால் (ஒரு தொட்டி நிரம்பிய நிலையில் 2.25 டன், காலியாக 0.25 டன்) 3,457 மீ/வி கிடைக்கிறது, மூன்றாவதையும் சேர்த்தால் 4,141 மட்டுமே. முதல் தொட்டி 2,345 தந்த இடத்தில் இரண்டாவது 1,112ஐயும் மூன்றாவது 684ஐயும் தருகின்றன. ராக்கெட்டை ஏன் பல நிலைகளாகக் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் எந்த நூலிலும் பார்க்கவில்லை. 2018 டிசம்பரில் வந்த 1.6 பதிப்பு முதல், கட்டும் கூடத்திலேயே ஒவ்வொரு நிலைக்கும் உரிய டெல்டா-வி, அதாவது திசைவேக மாற்றம், திரையில் தெரிகிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் தம் கணக்கை முடிக்கும்வரை அந்தப் பட்டியைச் சுருக்கி வைத்துவிடுவது நல்லது.

பிறகு மீட்புக் கலம் புறப்பட்டது. 80 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதை வேகம் 2,279 மீ/வி என்று கணக்கு சொன்னது. திரையும் அதையே காட்டியது. அந்த உயரத்தில் விடுபடு வேகம் அதன் √2 மடங்கு, அதாவது 3,223. மன்னை எட்ட 856 மீ/வி கூடுதலாக வேண்டும் என்றால், கெர்பினை விட்டே விலகிப்போக 944 போதும்! வெறும் 88 மீ/வி வித்தியாசம் என்பதைக் கண்டபோது கணக்கில் பிழை என்றே நினைத்தேன். நீள்வட்டம் பெரிதாகப் பெரிதாக வேகம் விடுபடு வேகத்தை எவ்வளவு நெருங்கிவிடுகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். மன் அடிவானத்தில் எழும்போது இயந்திரத்தை இயக்கு என்பது விளையாடுவோரிடையே வழங்கும் விதி. பயண நேரம் 7.4 மணி, மன் ஒருமுறை சுற்ற 38.6 மணி, அந்த நேரத்தில் அது 69 பாகை நகரும், ஆகவே புறப்படும்போது நமக்கு 111 பாகை முன்னால் இருக்க வேண்டும். 80 கி.மீ. உயரத்திலிருந்து பார்க்கையில், அடிவானத்தில் மன் தலைகாட்டிய சற்று நேரத்தில் அந்தக் கோணம் வந்துவிடுகிறது. கட்டைவிரல் விதிக்குள் ஒளிந்திருந்த வடிவியலைக் கண்டுபிடித்த அந்த மாலை, ஒரு வட்டப்பாதையிலிருந்து இன்னொன்றுக்கு நீள்வட்டம் வழியே போகும் ஹோமான் மாற்றுப்பாதையை நான் மனப்பாடம் செய்வதை நிறுத்தினேன்.

மன்னைச் சுற்றி 20 கி.மீ. உயரத்தில், ஜெபடையாவின் கலம் எனக்கு 40 கி.மீ. முன்னால் போய்க்கொண்டிருந்தது. மூக்கை அதை நோக்கித் திருப்பி 10 மீ/வி வேகம் கூட்டினேன். ஒரு சுற்று முடிந்தபோது இடைவெளி 120 கி.மீ. ஆகியிருந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அறைத்தோழன், "கிட்ட போறேன்னு சொல்லிட்டு ஏன்டா பின்னாடி போற?" என்றான். வேகம் கூட்டியதால் பாதை பெரிதாகி, சுற்றுக்காலம் நீண்டுவிட்டது. 42 நிமிடச் சுற்றில் ஏறத்தாழ 148 நொடி தாமதம். 544 மீ/வி வேகத்தில் அது 80 கி.மீ. 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட், தாம் ஏறிவந்த டைட்டன் ராக்கெட்டின் கழன்ற மேல்நிலையை நெருங்க முயன்று இதே தவறில் எரிபொருளை இழந்தார் என்று பிறகு அறிந்தபோது சற்று ஆறுதலாக இருந்தது.

எஃப்9 விசையை அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்பி, இந்த முறை முதலில் எழுதினேன். முன்னால் இருப்பதை எட்ட வேகத்தைக் குறைக்க வேண்டும். 10 மீ/வி குறைத்தால் பாதையின் எதிர்ப்புறம் 16 கி.மீ. தாழ்ந்து, மலைமுகடுகள் இடிக்கும் உயரத்துக்கு வந்துவிடும். 5 மீ/வி குறைத்தால் 8 கி.மீ. மட்டுமே தாழும், ஒரு சுற்றில் சுமார் 38 கி.மீ. முன்னேறலாம். அப்படியே செய்தேன். சுற்று முடிவில் 2 கி.மீ. தொலைவில் வெள்ளைப் புள்ளி ஒன்று மின்னியது.

இந்த விளையாட்டு ஏமாற்றும் இடங்களையும் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விண்பொருளின் ஈர்ப்பை மட்டுமே அது கணக்கில் கொள்ளும். ஆகவே இரு விண்பொருள்களின் ஈர்ப்பு சேர்ந்து கலத்தை அவற்றுக்கு ஒப்பாக ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் லக்ராஞ்சி புள்ளிகள் அங்கே கிடையா. கோள்கள் குறையற்ற உருண்டைகள் என்பதால், பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதைப் பயன்படுத்தி, சூரியனைப் பொறுத்து எப்போதும் ஒரே கோணத்தில் இருக்கும் சூரிய ஒத்திசைவுப் பாதையை அங்கே அமைக்க முடியாது. கெர்பினில் பழகிய கைக்குப் பூமியின் 7.8 கி.மீ./வி என்ற தாழ்பாதை வேகம் தவறான விடைபோலத் தோன்றும். எனக்கு ஒரு மாதிரித் தேர்வில் அப்படித் தோன்றி, சரியான விடையை அடித்து நீக்கிவிட்டேன். அதன்பின் ஒவ்வொரு கணக்கையும் கெர்பினுக்கு ஒருமுறை, பூமிக்கு ஒருமுறை எனப் போட்டேன்.

கேட் தாளில் 65 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். விண்வெளி இயக்கவியல் அதில் சிறு பகுதிதான்; ஆகவே வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்த விளையாட்டுக்குத் தராதீர்கள். எண்ணையே விடையாக உள்ளிடும் கேள்விகளுக்குத் தவறினாலும் மதிப்பெண் குறையாது, ஆனால் கி.மீ.யை மீட்டராக மாற்ற மறப்பவர்களுக்கு அவற்றில் மதிப்பெண் கிடைக்கவும் கிடைக்காது. தேர்வில் திரையில் வரும் கால்குலேட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதால், குறிப்பேட்டுக் கணக்குகளையும் அதே வகைக் கால்குலேட்டரில் போட்டுப் பழகுங்கள். வர்க்கமூலத்துக்கும் மடக்கைக்கும் விரல் தானாகப் போகும் அளவுக்குப் பழக்கம் வந்தால் நேரம் மிஞ்சும்.

தேர்வு பிப்ரவரியில். டிசம்பர் பிறந்ததும் விளையாட்டை நீக்கிவிட்டு, குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் கடைசிப் பக்கம் செவ்வாயைப் போன்ற டூனா கோளுக்கான பயணம். இடப்பக்கத்தில் புறப்பாட்டுக் கோணம் 44 பாகை என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். வலப்பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.