மூன்று யூனிட்

மே 3, 2024
தமிழ்நாட்டின் மின் தேவை நேற்று 20,830 மெகாவாட்டைத் தொட்டதாம். இதுவரை இல்லாத உச்சம் என்று பேப்பரில் சாதனை மாதிரி போட்டிருக்கிறார்கள். அதில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது ராத்திரி பதினொன்றுக்கு 170 வோல்ட். ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது. நைனாவின் ஆக்சிஜன் மெஷின் கத்துகிறது. ஏப்ரல் 19 ஓட்டுப் போடுகிற வரைக்கும் கண்ணைக்கூட சிமிட்டாத கரண்ட் இது.

நைனாவுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதம். 88க்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும்.

மே 4
கத்திரி இன்றைக்குத்தான் ஆரம்பமாம். அப்போ இத்தனை நாள் அடித்தது என்ன?

மே 6
தூக்கம் வராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர். பெருக்கினால் 1,800. இரண்டு யூனிட்கூட முழுசாக இல்லை. ஈய பேட்டரியை ஒட்ட உறிஞ்சவும் கூடாது, பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும். மெஷின் இழுப்பது 350 வாட். புது பேட்டரி என்றால் இரண்டரை மணி நேரம் தள்ளலாம். இது கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. ஒரு மணி நேரத்தில் சிவப்பு விளக்கு.

வாசலில் நிற்கிற எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்குள் மூன்று யூனிட் இருக்கிறது. மெஷின் ஏழெட்டு மணி நேரம் ஓடும். ஆனால் எடுக்க வழியில்லை. சார்ஜ் போடுகிற ஓட்டை வாங்கும், கொடுக்காது. சில கார்களில் பிளக் செருகி மிக்ஸி, ஃபேன் எல்லாம் ஓட்டலாம். என் வண்டியில் பாட்டு கேட்கலாம்.

மெக்கானிக்கிடம் கேட்டேன். "சீல் உடைச்சா வாரண்டி போச்சு தம்பி. கண்டபடி இழுத்தா உள்ள பேட்டரியக் கண்காணிக்குற பிஎம்எஸ் சர்க்யூட் கட் பண்ணிடும். கட் பண்ணலன்னா அது இன்னும் மோசம்."

மே 7
வண்டியை வீட்டுக்குள் சார்ஜ் போடாதே என்று அம்மா மறுபடி ஆரம்பித்துவிட்டாள். 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் பிடித்துக்கொண்டு, புகையில் அப்பாவும் மகளும் செத்துப்போனது அவளுக்கு நேற்று நடந்த மாதிரி. அதற்கப்புறம் பேட்டரிக்கு விதிகளை இறுக்கினார்கள், 2022 டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாக வந்தது, நம் வண்டி அதற்குப் பிறகு செய்தது என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"விதி வந்தது நெருப்புக்குத் தெரியுமாடா?"

என்ன பதில் சொல்வது? வீட்டுக்குள் ஆக்சிஜன் வேறு. சாமி விளக்கையே பின்கட்டுக்கு மாற்றிவிட்டாள். அதனால் ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துத் தெருவில் சார்ஜ். பிளக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சூடு ஏறுகிறதா என்று. எதிர்வீட்டுப் பையன் அதைப் பிடுங்கிவிட்டு போன் சார்ஜ் போட்டிருந்தான்.

மே 9
ரிப்போர்ட் காட்ட வேலூர். ராத்திரி கரண்ட் போனதில் வண்டி 80 சதவீதத்தோடு நின்றுவிட்டது. கம்பெனி சொல்வது 110 கிலோமீட்டர். முழு சார்ஜில் எனக்கு 75 வந்தால் பெரிய விஷயம். குடியாத்தத்திலிருந்து போய்வரவே எழுபது. திரும்பும்போது பள்ளிகொண்டாவில் ஒரு டீக்கடையில் கெஞ்சி பிளக் வாங்கினேன். கடைக்காரருக்கு ஒரே குஷி. "பெட்ரோல் வண்டிக்காரன் ஒரு டீயோட போயிடுவான். நீ ஒரு மணி நேரம் குந்துவ."

வண்டி சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடக்கூடாது, ஆற விடணும். ஆக டீ, வடை, அப்புறம் சார்ஜ், மறுபடி டீ.

டாக்டர் சொன்னதைக் கடைசியில் எழுதலாம் என்று நினைத்தேன். வேண்டாம்.

மே 10
83. சிலிண்டர்.

மே 11
இப்போது 89. சின்ன சிலிண்டரில் 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். நேற்று ராத்திரி முழுக்க முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா கண்ணைத் திறந்து, "இன்னாத்துக்கு அதயே பாத்துகினு கீற? போய்ப் படு" என்றார். பேச்சு வந்ததே போதும்.

மே 13
நாளைக்கு கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அக்கா, மாமா, பிள்ளைகள், சித்தி வீட்டார் எல்லோரும் வந்தாயிற்று. கிரைண்டர், மிக்ஸி, மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில். கோபத்தில் கத்திவிட்டேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

மே 14
தரணம்பேட்டையிலிருந்து கெங்கையம்மன் சிரசு கிளம்பும்போதே கரண்டை நிறுத்திவிட்டார்கள். கம்பி குறுக்கே இருக்கிற தெருக்கள், நிறுத்தத்தான் வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு லைன்மேன் அண்ணன், "அம்மன் போற வேகம்தான் நம்ம வேகம்" என்றார்.

நைனா வாசலுக்கு வரணும் என்று ஒரே பிடிவாதம். மாமாதான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தார். நேற்றைய பேச்சை எடுக்கவே இல்லை. பம்பை சத்தம் நெருங்க நெருங்க நைனா மூக்கிலிருந்து குழாயைக் கழற்றப் பார்க்கிறார், அம்மனுக்கு முன்னால் இது என்ன கோலம் என்று. நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். தேங்காய் உடைத்த தண்ணீர் ஸ்கூட்டர் மேலெல்லாம். எங்கள் தெருவைத் தாண்டினதும் கரண்ட் வந்துவிட்டது. இன்வெர்ட்டர் தேவைப்படவே இல்லை.

மே 16
காற்று, மழை. வேப்பமரக் கிளை முறிந்து கம்பியில். ஒன்பது மணிக்குப் போனது. கரண்ட் ஆபீஸில் போனை எடுக்கவில்லை. பத்தரைக்கு இன்வெர்ட்டர் படுத்துவிட்டது. சிலிண்டர் பாதிதான் இருக்கிறது. ஸ்கூட்டர் 100 சதவீதம்.

அக்கா ஆம்பூரிலிருந்து சிலிண்டர் அனுப்புகிறேன் என்கிறாள். இந்த மழையில் யார் எடுத்து வருவது.

மே 17
விடிகாலை நாலு மணிக்கு வந்தது. 87. புது பேட்டரி திங்கட்கிழமைதான் வருமாம், பழசுக்கு எடைக்கு எடை கழித்துக்கொள்கிறேன் என்கிறார் கடைக்காரர். 150 போதாது, 200 ஆம்பியராகக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது மறுபடி