இன்ஸ்டாக்ஸ் மினி 9: விளக்கு காட்டும் குறியைத் தாண்டி

எடுத்த உடனே படத்தை அச்சாகவே வெளியே தள்ளும் என் மினி 9 கேமரா இப்போதுதான் கைக்குக் கொஞ்சம் வசப்பட்டிருக்கிறது. வெளிறிய முகமும் கறுத்த பின்னணியுமாக வந்த படங்கள் குறைந்து, ஆல்பத்தில் வைக்கத் தகுந்தவை கூடியிருக்கின்றன.

இதில் ஷட்டர் வேகம் எப்போதும் 1/60 வினாடிதான். லென்ஸைச் சுற்றியுள்ள டயல், ஒளி நுழையும் துவாரத்தின் அளவை மட்டுமே மாற்றுகிறது (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்): வீட்டுக்குள் எஃப் 12.7, மேகமூட்டத்துக்கு எஃப் 16, வெயிலுக்கு எஃப் 22, சுள்ளென்ற வெயிலுக்கு எஃப் 32. எந்தக் குறிக்குத் திருப்புவது என்பதை ஒரு சிறு விளக்கு எரிந்து காட்டும். ஆனால் அது பார்ப்பது மொத்த வெளிச்சத்தை. எனக்கு வேண்டியதோ முகம். வேப்பமர நிழலில் தங்கை நிற்க, பின்னால் வானம் பளீரென்று இருந்தது. விளக்கு வெயில் குறியில் எரிந்தது. நான் மேகக் குறிக்குத் திருப்பி எடுத்தேன். வானம் வெளுத்துவிட்டது, போகட்டும். முகம் தெளிவாக வந்தது. இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க இந்த ஐஎஸ்ஓ 800 (ஒளியை உணரும் திறனின் அளவு) ஃபிலிமால் முடியாது. நெகட்டிவ் இல்லாததால் பிறகு சரிசெய்யவும் வழியில்லை.

ஃபிளாஷை அணைக்கவே முடியாது. அது எட்டுவது 60 செ.மீ. முதல் 2.7 மீட்டர் வரை. வீட்டுக்குள் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, ஆளைச் சுவருக்கு அருகில் நிறுத்தினால் பின்னணியும் துலங்குகிறது. ஜன்னல் பக்கம் என்றால் இன்னும் நல்லது. ஃபிளாஷ் அருகிலுள்ள சென்சாரை விரல் மறைக்கக் கூடாது.

நெருக்கப் படத்துக்கான கூடுதல் லென்ஸ் 35 முதல் 50 செ.மீ. வரைதான் வேலை செய்யும். கேமரா வாரில் 40 செ.மீ. நூல் ஒன்றைக் கட்டிவிட்டேன். செம்பருத்தி வரை நூலை இழுத்துப் பிடித்தால் ஃபோகஸ் பிசகுவதில்லை. வியூஃபைண்டர் பக்கவாட்டில் இருப்பதால் பூ ஓரத்துக்கு நகர்ந்துவிடும். அதைத் தோராயமாக ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

ஃபிலிமுக்கு ஏற்ற வெப்பம் 5 முதல் 40 டிகிரி வரை. சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கேமராவை விட்டுச்செல்வதில்லை. படம் வெளியே வந்ததும் உதறுவதும் இல்லை. மேசையில் வைத்துவிட்டால் ஒன்றரை நிமிடத்தில் தெளிந்துவிடுகிறது.

இரவில் தெருக்காட்சி மட்டும் இதில் நடக்காது. ஃபிளாஷ் எட்டாத இடமெல்லாம் கறுப்புதான். அதற்கு ஷட்டரை 10 வினாடி வரை திறந்து வைக்கக்கூடிய மினி 90 வேண்டும். பழையது ஒன்று விலைக்கு வருகிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.